கையைப் பிடித்து உள்ளே

பிப்ரவரி 11

சிறையில் இருக்கும் மகனுக்கு, கடையில் இருக்கும் அப்பா சொல்லச் சொல்ல எழுதியது.

உன் போன கடிதம் வந்து சேர்ந்தது. பாதிக் கடிதம் சாப்பாட்டுக் குறை. மீதிப் பாதி நான் வந்து பார்க்கவில்லை என்ற குறை. முட்டி மடங்கவில்லை, பஸ் படி ஏற முடியவில்லை என்று போன தடவை சொல்லியிருந்தேன். அது பொய். நன்றாகவே ஏறுவேன். உன்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சேதி. வேறு எவனாவது உன் காதில் போடுவதற்கு முன் நானே போட்டுவிடுகிறேன். ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் வருஷ முடிவு விழா. அங்கே கோப்பை, மாலை எதுவும் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலிருந்தும் ஒரு ஆள் எழுந்து, அந்த வருஷம் தன் பிள்ளைக்கு யார் என்ன செய்தார் என்று ஆளைக் காட்டி நன்றி சொல்ல வேண்டும். பொத்தாம்பொதுவாக எல்லாருக்கும் நன்றி என்றால் போதாது. “ஆளைக் காட்டு, ஆளைக் காட்டு” என்று பிள்ளைகள் கத்தியே உட்கார வைத்துவிடுமாம். உன் மகள் சொன்னாள். அவளுக்கு இப்போது வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயருக்குக் குறை வைக்காமல் பேசுகிறாள்.

இந்த வருஷம் அவள் வீட்டு ஆளாக நான் போகிறேன். போன வருஷமே போயிருக்க வேண்டும். எந்த முகத்தோடு போவது?

உன் புண்ணியத்தில் அங்கே புது வழக்கம் ஒன்றும் வந்திருக்கிறது. பெரியவர்கள் யாரும் தனியாக கேட்டைத் தாண்ட முடியாது. ஒரு பிள்ளை வந்து கையைப் பிடித்து, “இவங்க எங்க வீட்டு ஆளு” என்று சொல்ல வேண்டும். அதிகாரியாக இருந்தாலும் அதே கதைதான். எழுபது தாண்டிய கிழவன் எட்டு வயசுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகப் போகிறேன். சிரிக்க வேண்டும் என்றால் சிரித்துக்கொள்.

உன் அப்பா
(கைநாட்டு)


பிப்ரவரி 24

என் உயிரான அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பக்கத்தில் படுத்திருந்தவன் என்ன ஏது என்று கேட்டான். என் அப்பா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார் என்றேன். அவனும் அழுதான்.

திட்டுங்கள் அப்பா. நீங்கள் திட்டாமல் யார் திட்டுவது? இந்த வலது மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. குளிர் நாளில் உள்ளே எலும்பு உரசும். உரசும்போதெல்லாம் நான் செய்தது நினைவுக்கு வரும். நல்லதற்குத்தான் ஒடித்தார்கள் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

ஏப்ரல் இருபதுக்குள் என்னை விட்டுவிடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை நானும் வருகிறேனே அப்பா. யாருக்கும் தொந்தரவு இல்லை. அந்த கேட் காவலர் காலில் விழ வேண்டும். தலைமை அம்மா காலில் விழ வேண்டும். அப்புறம் டீச்சர். அவளை என் பெண்டாட்டி என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை, அதனால் டீச்சர் என்றே எழுதுகிறேன். வாயாடி வந்து இந்த ஒடிந்த கையைப் பிடித்தால் போதும், எல்லாம் ஆறிவிடும்.

பெரிய கேட்டில் கூட்டமாக இருக்கும். சமையல்கட்டை ஒட்டிய பக்கக் கதவு இன்னும் இருக்கிறதா? டீச்சரின் வகுப்பு அந்தப் பக்கம்தானா, மாற்றிவிட்டார்களா? விழாவில் அவள் எங்கே உட்காருவாள்? அவள் கண்ணில் பட்டு அவளைப் பயமுறுத்திவிடக் கூடாது, அதற்காகத்தான் கேட்கிறேன்.

உங்களுக்குக் கடிதம் எழுதித் தருகிறவர் யார்? கையெழுத்து அழகாக இருக்கிறது. அவருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்.

உங்கள் செல்ல மகன்


மார்ச் 6

மகனுக்கு,

படிக்கச் சொல்லிக் கேட்டேன். மறுபடி படிக்கச் சொன்னேன். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் குரல் தெரியும். எழுத்தில் வந்தாலும் உன் குரல் எனக்குத் தெரியும்.

உனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது கடைக்கு ஒரு கறுப்புக் கிடா வந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு என்னை முட்டித் தள்ளியது. உதவிக்கு வந்தவனின் பல் போயிற்று. நீ பள்ளிக்கூடப் பையோடு வந்தாய். பையை ஆணியில் மாட்டினாய். போய் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்து ஏதோ பேசினாய். “வாடா கண்ணு, யாரு உன்ன அடிச்சது, நான் இருக்கேன்ல” என்றாய். அது உன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு தானாகப் படுத்தது. கழுத்தில் கத்தி இறங்கும்வரை அது உன்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வித்தை வரவே இல்லை. நான் முரட்டுத்தனமாகத்தான் வெட்டுவேன். அன்றைக்கு உன்னைப் பார்த்து எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

உன் பெண்டாட்டியிடமும் அந்தக் குரலில்தான் பேசுவாய். உரக்கப் பேசினால் அவள் பிழைத்தாள். தாழ்ந்த குரலில் “வா கண்ணு, உக்காரு” என்றால் அன்றைக்கு அவளுக்குப் பல்லோ விலாவோ போகும். இந்தக் கடிதம் முழுக்க நீ அந்தக் குரலில் பேசியிருக்கிறாய்.

அன்றைக்கு நடந்ததை உன் வக்கீல் ஒரு மாதிரி சொன்னான். கேட் காவலர் என்னிடம் சொன்னதை நான் சொல்கிறேன், கேள். பள்ளி விடும் நேரம். நீ சாக்குத் துணியில் சுற்றிக்கொண்டு போனது என் கடையின் பெரிய வெட்டுக்கத்தி. “டீச்சருக்குச் சாப்பாடு கொண்டு வந்திருக்கேண்ணே” என்று அவரிடம் சிரித்தாய். துணியில் ஈ மொய்த்ததைப் பார்த்து அவர் குறுக்கே கை நீட்டினார். நீட்டிய கையில் இரண்டு விரல் கீழே விழுந்தது. அவர் அப்படியும் கதவை விடவில்லை, மிச்ச விரலால் பிடித்துக்கொண்டு “பிள்ளைங்களை உள்ள இழுங்க” என்று கத்தினார். நீ அவரை மிதித்துத் தாண்டிப் போய் அவள் பின்னலைப் பிடித்தாய். காதிலிருந்து தாடை வரை கிழித்தாய். உன் மகள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாவது வெட்டுக்கு ஓங்கும்போதுதான் சமையல்காரம்மா கொதிக்கிற வெந்நீரோடு அண்டாவை உன் முதுகில் சாய்த்தாள். பள்ளி வேன் டிரைவர் ஜாக்கிக் கம்பியால் மணிக்கட்டில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் மாடி வகுப்பு வரைக்கும் கேட்டதாம். நீ விழுந்ததும் தலைமை அம்மா வந்து உன் மார்பின் மேல் உட்கார்ந்துவிட்டார். போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவே இல்லை. அவர் எடை உனக்குத் தெரியும்.

நீ வர வேண்டாம். நான் நன்றி சொல்லப் போவது இவர்களுக்குத்தான்.

அப்பா


மார்ச் 19

கிழவா,

இதை வெளியே போகிற ஒருவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதைச் சிறையில் யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள். அதனால் மனசு விட்டு எழுதுகிறேன். பெயர் போட மாட்டேன், நீயே தெரிந்துகொள்.

என் பெண்டாட்டி, என் பிள்ளை. நடுவில் புகுந்து என் முதுகுத் தோலை உரித்தவளுக்கு நீ நன்றி சொல்வாய், என் கையை ஒடித்தவனுக்கு நன்றி சொல்வாய், ஊர் கைதட்டும். பெத்தவன்தானா நீ? இரண்டு விரல் போனதைப் பெரிசாகச் சொல்கிறாய். எனக்கு இந்தக் கையில் சோற்றுப் பருக்கை நிற்பதில்லை. இடது கையால் தின்கிறேன்.

ஆனால் இடது கை பழகிவிட்டது. தினமும் பழக்கினேன். அந்த டிரைவரின் இரண்டு கையையும் எடுப்பேன். சமையல்காரியை அவள் அண்டாவிலேயே முக்குவேன். என் பெண்டாட்டிக்கு மட்டும் அவசரப்பட மாட்டேன். போன தடவை அவசரப்பட்டதுதான் தப்பு. பிள்ளையை எதிரில் உட்கார வைத்து, பார்க்க வைத்து, அப்புறம்தான்.

நீ சொல்லாவிட்டாலும் நாள் தெரியும். கடைசி வெள்ளிக்கிழமை. நீதான் சொன்னாய். குறுக்கே நின்றால் நீயும் ஒரு ஆடுதான்.


மார்ச் 27

அன்பு அப்பாவுக்கு,

முன்னால் வந்த மொட்டைக் கடிதம் எதுவாக இருந்தாலும் அதைக் கிழித்துப் போடுங்கள். இங்கே என் பேரைக் கெடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவேளை நானே காய்ச்சலில் ஏதாவது எழுதியிருந்தாலும் பிள்ளை என்று நினைத்து மன்னியுங்கள். என் மனசு இப்போது தண்ணீர் மாதிரி இருக்கிறது. உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உங்கள் செல்ல மகன்


ஏப்ரல் 8

என் ராசாவுக்கு, அப்பா.

கிழித்துப் போட்டேன். உன் அம்மா இருந்திருந்தால் உன்னை இவ்வளவு பேச என்னை விட்டிருக்க மாட்டாள்.

போன வாரம் கடையில் விழுந்துவிட்டேன். ஈரத் தரையில் வழுக்கி, வெட்டுக்கட்டையில் தலை பட்டது. கத்திப் பார்த்தேன், யாரும் வரவில்லை. தரையில் கிடந்தபடியே மேலே கொக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னதான் இருந்தாலும் பெத்த பிள்ளை பெத்த பிள்ளைதான் என்று அப்போது தோன்றியது. ஊராருக்கு நன்றி சொல்லி எனக்கு என்ன ஆகப் போகிறது? நாளைக்கு நான் விழுந்தால் என்னைத் தூக்கப் போவது நீதானே கண்ணு.

நீ வா. உன்னை யார் என்ன சொன்னது? நான் இருக்கிறேன் அல்லவா. வாயாடியிடம் சொல்லிவிட்டேன். அப்பா வருவார், பக்கக் கதவில் நிற்பார், கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போ என்றேன். அவளும் சரி என்று தலையாட்டினாள். டீச்சர் முதல் வரிசையில்தான் உட்காருவாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் நான் முன்னாலேயே பள்ளிக்குப் போய்விடுவேன். நீ கடைக்கு வந்து குளித்துவிட்டுப் போ. சாவி பழைய இடத்தில், தராசுக்கு அடியில். உனக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்து, தேய்த்து, மேசைமேல் வைத்திருப்பேன். கடையில் மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பதறாமல் வா கண்ணு.

உன் அப்பா
(கைநாட்டு)


ஏப்ரல் 15

அப்பா,

நீங்கள் தெய்வம். பக்கக் கதவுக்கு வந்துவிடுகிறேன். பிள்ளையை அங்கேயே நிற்கச் சொல்லுங்கள்.

மகன்


ஏப்ரல் 30

மறுபடி சிறைக்குப் போன மகனுக்கு,

இதுவே கடைசி என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். எழுதுகிறவன் கை வலிக்கிறது என்று இப்போதே முனகுகிறான்.

நான் கடையில் விழவில்லை, கடிதத்தைக் கிழிக்கவில்லை, வாயாடியிடம் எதையும் சொல்லவும் இல்லை. உன் மொட்டைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானும் தலைமை அம்மாவும் போலீசுக்குப் போனோம். இதில் பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை, அவன் தண்டனை முடிந்து வெளியே வரும் ஆள், ஏதாவது செய்தால்தான் பிடிக்க முடியும் என்றார்கள். தலைமை அம்மா மேசையைத் தட்டிய தட்டில் பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது. “செஞ்ச பிறகு பிடிக்க நீங்க எதுக்குங்க? அதுக்கு நாங்களே போதும், ஏற்கெனவே பிடிச்சிருக்கோம்” என்றார். கடைசியில் சாதா உடையில் இரண்டு பேரை அனுப்புவதாக ஒத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நீ எப்போதோ ஒரு நாள், எந்தத் தெருவிலோ வந்தால் நாங்கள் என்ன செய்வது? உன்னை ஒரே நாளில், ஒரே கதவுக்கு, நான் நிற்கிற இடத்துக்கு வரவைக்க வேண்டும். அதற்கு அந்தக் கறுப்புக் கிடாவிடம் நீ பேசிய பேச்சு வேண்டும். எனக்கு வராத வித்தை. மூன்று நாள் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் அந்தக் கடிதத்தைச் சொன்னேன். ‘பதறாமல் வா கண்ணு’ என்று சொல்லும்போது எழுதுகிறவன் நிமிர்ந்து பார்த்தான். எனக்கே என் குரலைக் கேட்டுப் பயமாக இருந்தது.

கடையில் இருந்த கத்திகளையெல்லாம் மூட்டை கட்டித் தலைமை அம்மா வீட்டில் போட்டேன். ஒன்றை மட்டும் விட்டேன், நீ அன்றைக்குக் கொண்டுபோன அதே அளவில் இன்னொன்று. வாசல் படிக் கல்லில் அதன் கூர்ப்பக்கத்தை வைத்து ஒரு பகல் முழுக்கத் தேய்த்து, விரல் கனத்துக்கு மழுக்கினேன். ஆயுள் முழுக்கக் கத்தியைத் தீட்டியவன் நான். அன்றைக்கு எனக்குக் கை கூசியது. அதைக் கொக்கியில் மாட்டினேன். எதிரே மேசைமேல் சட்டையை வைத்தேன்.

தலைமை அம்மாவிடம் ஒன்று கேட்டிருந்தேன். “அவன் சட்டையை மட்டும் போட்டுட்டு வெறும் கையோட வந்தான்னா என்ன செய்யலாம்மா?” “காவலர் அறை வரைக்கும் விடறேன்யா. முதல்ல அவர் விரலுக்குப் பதில் சொல்லட்டும். அதுக்கு அப்புறம் டீச்சர் என்ன சொல்றாங்களோ அதுதான்” என்றார். டீச்சரும் சம்மதித்திருந்தாள். தாடைத் தழும்பைத் தடவிக்கொண்டே, “உங்களுக்காக மாமா” என்றாள். இதை உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

பிள்ளைகளையெல்லாம் மண்டபத்தில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பக்கக் கதவில் நான் மட்டும் நின்றேன். நீ தெருமுனை திரும்பியதைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை அளவாக இருந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாய். என் பிள்ளை சட்டையோடுதான் வருகிறான் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். அந்த ஒரு நிமிஷம் நான் உனக்கு அப்பாவாக இருந்தேன்.

“பிள்ள எங்கப்பா?” என்றாய், அதே தாழ்ந்த குரலில்.

“நான்தான்டா இன்னைக்குப் பிள்ளை. கைய குடு, கூட்டிட்டுப் போறேன்” என்று உன் வலது கையைப் பிடித்தேன். மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டு இருந்தது, சரியாகக் கூடவில்லை. “அந்தக் கையையும் காட்டு.”

“விடுப்பா.”

“காட்டுடா.”

காட்டினாய். இடது கையை நன்றாகத்தான் பழக்கியிருக்கிறாய். முதல் வெட்டு தோளில் விழுந்தது. கூர் இருந்திருந்தால் கை தனியாகப் போயிருக்கும். எலும்புதான் உடைந்தது. வெட்டு விழவில்லை என்று கத்தியைத் திருப்பிப் பார்த்தாயே, அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பெத்த அப்பனை வெட்டிய முகம் இல்லை அது, கடை ஆள் கத்தியைச் சரியாகத் தீட்டவில்லை என்று சலித்துக்கொள்கிற முகம். அப்புறம் வெறி பிடித்து நெற்றியில் போட்டாய், காதில் போட்டாய், விழுந்த பின்னும் விலாவில் மிதித்தாய். நான் மணிக்கட்டை விடவில்லை. கேட் காவலர் இரண்டு விரல் இல்லாமலே கதவைப் பிடித்தார், நான் அஞ்சு விரலையும் வைத்துக்கொண்டு விட்டால் எப்படி?

பள்ளி வேனுக்குள் பதுங்கியிருந்த அந்த இரண்டு போலீஸ்காரர்கள் ஓடி வந்து உன்னைக் குப்புறத் தள்ளி முட்டியை முதுகில் வைத்தார்கள். சமையல்காரம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். “கொஞ்சம் தள்ளுங்க சார், நானும் ஒண்ணு வெச்சுக்கறேன்” என்றாள். தள்ளவில்லை. பாவம், அவளுக்கு அந்தக் குறை இன்னும் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்கள். விழா முடியட்டும் என்றேன். தோளைத் துண்டால் கட்டிக்கொண்டு பெரிய கேட்டுக்குச் சுற்றிப் போய் நின்றேன். மண்டபக் கதவைத் திறந்துவிட்டதும் வாயாடி வந்தாள். என் நெற்றியைப் பார்த்தாள். “கடை வேலையா தாத்தா?” என்றாள். ஆமாம் என்றேன். கையைப் பிடித்து, “இவரு எங்க வீட்டு ஆளு” என்று காவலரிடம் சொன்னாள். அவர் மூன்று விரலால் எனக்கு சல்யூட் வைத்தார்.

என் முறை வந்தது. மைக்கைப் பிடித்துப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. “என் பேத்திய நீங்க படிக்க வெச்சீங்க. அது மத்த வீட்டுக்கும் செஞ்சீங்க. எங்க வீட்டுக்கு மட்டும் ஒண்ணு செஞ்சீங்க. என் மகனோட கைய ஒடிச்சீங்க. அன்னைக்கு ஒடிக்காம இருந்தா எனக்கு மருமகளும் இல்ல, ஒருவேளை இந்தப் பிள்ளையும் இல்ல. அதுக்கு நன்றி” என்றேன். பெரியவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின் வரிசையில் ஒரு பொடிசு மட்டும், “ஆளைக் காட்டுங்க தாத்தா!” என்று கத்தியது.

வழக்கத்தை மீறலாமா? காட்டினேன். நல்ல கையை உயர்த்தி, வாசல் பக்கம் சாய்ந்து நின்ற வேன் டிரைவரைக் காட்டினேன். அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வேனுக்கு ஓடிவிட்டான்.

உனக்கு எழுதித் தருகிறவர் யார், கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று கேட்டிருந்தாய். அவன்தான். தினமும் வாயாடியை இறக்கிவிட்டுக் கடைக்கு வருவான். உன் கடிதங்களையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டியது அவன்தான். அவனுடைய இரண்டு கையையும் எடுப்பேன் என்று நீ எழுதியதையும் அவன்தான் குரல் மாறாமல் படித்தான். இப்போது இந்த வரியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். “எழுதுடா” என்று அதட்டிய பிறகு எழுதுகிறான்.

கொக்கியில் கத்தி இருந்தது, மேசையில் சட்டை இருந்தது. சட்டையை மட்டும் நீ எடுத்திருந்தால், வாயாடி என்னைப் பிடித்த மாதிரி நான் உன்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போயிருப்பேன். காவலர் முன்னால் நானும் உன்னோடு சேர்ந்து தரையில் விழுந்திருப்பேன்.

சட்டையைப் போலீஸ் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் இருக்கும் ரத்தம் முழுக்க என்னுடையது. துவைத்துக் காவலருக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கும் அளவாக இருக்கிறது.

இனி எழுதாதே. எழுதினால் படித்துக் காட்ட ஆள் இருக்கிறான். உட்கார்ந்து கேட்கத்தான் ஆள் இல்லை.

இப்படிக்கு,
இறைச்சிக் கடைக்காரர்
(இடது கைநாட்டு. வலது தோள் கட்டில் இருக்கிறது.)